வன்னியில் மார்கழி விடுமுறை: உடல்நலமும் பாதுகாப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் தொடங்கித் தைப்பொங்கல் முடியும்வரை இலங்கையின் வடக்கே வன்னியில் வீடுகள் நிறைந்திருக்கும். பள்ளிக்கூட விடுமுறை, நத்தார், திருவெம்பாவை, புதுவருடம், பொங்கல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தங்கள் வந்து இறங்குவதும் இந்த நேரத்தில்தான். வடகீழ்ப் பருவமழை கொட்டுவதும், குளங்கள் வான் பாய்வதும், காலபோக வயலுக்குள் ஆட்கள் இறங்கி நிற்பதும் இதே வாரங்களில்தான்.

இந்தக் காலத்தில் வரும் நோய்களில் அநேகமானவற்றுக்கு அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாக வைத்தியம் இருக்கிறது. இருந்தும் ஆட்கள் போய்ச் சேரும்போது நேரம் பிந்திவிடுகிறது. “நத்தார் முடியட்டும், பொங்கல் முடியட்டும், பிறகு காட்டுவம்” என்று தள்ளிப்போடுகிறோம். அதை மனதில் வைத்துத்தான் இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

விடுமுறை நாட்களில் வைத்தியசாலை திறந்திருக்குமா?

கிளினிக்குகளும் வெளிநோயாளர் பிரிவும் விடுமுறை நாட்களில் மூடியிருக்கலாம், அல்லது குறைந்த நேரம் இயங்கலாம். ஆனால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் அவசர சிகிச்சைப் பிரிவு நத்தார் இரவிலும் பொங்கல் காலையிலும் இயங்கும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு கேட்கமாட்டார்கள். அழைக்கும்போது ஊர்ப் பெயரை மட்டும் சொல்லாமல், பக்கத்தில் உள்ள கோயில், பாடசாலை, சந்தி எது என்றும் சொல்லுங்கள். உள்வீதி வெள்ளத்தில் மூடியிருந்தால் நோயாளியைப் பிரதான வீதிவரை கொண்டுவந்து வைத்திருப்பது நல்லது.

காய்ச்சல் வந்தால் எத்தனை நாள் வீட்டில் பார்க்கலாம்?

மூன்றாம் நாளைத் தாண்டக் கூடாது. மூன்றாம் நாளாவது வைத்தியரைக் கண்டு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வேறு நோய்களுக்கு மருந்து எடுப்பவர்கள் முதல் நாளே போக வேண்டும். வடக்கில் டெங்கு கூடுவது மழையை ஒட்டிய இந்த மாதங்களில்தான். ஆகவே டிசம்பரில் வரும் காய்ச்சல் எதுவானாலும், இல்லை என்று தெரியும்வரை அதை டெங்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்கும் நாட்களில் பரசிட்டமோல் மட்டும் போதும். வளர்ந்த ஒருவர் 500 மில்லிகிராம் குளிசை இரண்டை ஆறு மணித்தியால இடைவெளியில் எடுக்கலாம், ஒரு நாளைக்கு எட்டுக் குளிசைக்கு மேல் கூடவே கூடாது. பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்துத்தான் அளவு. அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபெனாக் போன்ற நோ மருந்துகள் டெங்குக்காரருக்கு இரத்தக்கசிவை உண்டாக்கிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் பைகளில் இபுபுரூபன் எப்போதும் இருக்கும், “நல்ல மருந்து, உடனே கேக்கும்” என்று அன்போடு எடுத்துக் கொடுப்பார்கள். அதை மட்டும் வாங்கிக் குடிக்காதீர்கள்.

காய்ச்சல் இறங்கியதும் சுகமாகிவிட்டது என்று எழுந்து வேலைக்குப் போகிறோமே, டெங்கு ஆளைக் கொல்லும் கட்டம் அதுதான். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், சூடு குறையும் நேரத்தில், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். வயிற்று நோ, விடாத சத்தி, கைகால் குளிர்தல், ஒரே சோர்வு, சலம் குறைதல், முரசிலோ மூக்கிலோ இரத்தம் வருதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த நிமிடமே கொண்டு போங்கள்.

நீராகாரம் முக்கியம். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டரை லீற்றர்: கஞ்சி, இளநீர், ஜீவனி (பக்கற்றில் வரும் உப்புச்சீனிக் கரைசல்), தோடம்பழச்சாறு எதுவும் சரி. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். நெக்டோ, பீட்றூட் சாறு போன்ற சிவப்பு, மண்ணிறப் பானங்களையும் தவிருங்கள். சத்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று வைத்தியருக்குத் தெரியாமல் போகும்.

பப்பாசி இலைச்சாறு குடித்தால் இரத்தத்தட்டுகள் கூடும் என்கிறார்களே?

அதை நம்பி வைத்தியசாலைக்குப் போகாமல் இருப்பதுதான் பிரச்சினை. டெங்கில் ஆளைக் காப்பாற்றுவது, கசியும் நேரத்தில் எவ்வளவு நீர் கொடுக்க வேண்டும் என்று மணிக்கு மணி பார்த்துக் கொடுக்கும் கவனிப்பு. அதை வீட்டில் செய்ய முடியாது. கசப்புச் சாற்றால் சத்தி வந்தால், குடித்த நீரும் சேர்ந்து வெளியே போய்விடும்.

ஊரைச் சுற்றிக் காடும் குளமும். நுளம்பை எப்படி ஒழிப்பது?

டெங்கு நுளம்பு குளத்தில் பெருகுவதில்லை. பெரும்பாலும் உங்கள் வளவில்தான் பெருகுகிறது. சிரட்டை, ரயர், தறப்பாள் மடிப்பு, பூச்சாடித் தட்டு, மாட்டுக்கு வைத்த வாளி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கட்டி முடியாத வீட்டின் மேல்தட்டில் தேங்கிய நீர் இவைதான் அதற்கு வேண்டும். வன்னியில் இன்னொன்றும் உண்டு: ஆட்கள் வெளிநாட்டில், வீடு பூட்டிக் கிடக்கும், வளவுக்குள் மூடாத கிணறும் தொட்டியும். பூட்டிய வீட்டின் திறப்பு யாரிடம் இருக்கிறதோ அவர் வாரம் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். இந்த நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே மத்தியானம் தூங்கும் குழந்தைக்கும் வலை போடுங்கள்.

வயலில் வேலை செய்கிறேன். எலிக்காய்ச்சலுக்கு என்ன செய்ய வேண்டும்?

எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சலம் கலந்த நீரிலும் சேற்றிலும் இருக்கும் கிருமி, காலில் உள்ள சின்னக் காயத்தினூடாக உள்ளே போகிறது. 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இந்தக் காய்ச்சலால் ஆட்கள் இறந்தது நினைவிருக்கும். தொடக்கத்தில் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்றே பலரும் நினைத்தார்கள்.

வயலில் இறங்குபவர்களுக்கு முன்தடுப்பாக டொக்சிசைக்கிளின் கொடுப்பார்கள். வாரம் ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பிறகு. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டால் தருவார்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுபிள்ளைகள் இதை எடுக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரின் குளிசையைப் பங்கு போடாமல் நீங்களே போய்க் கேட்டு வாங்குங்கள். கால் வெடிப்பும் காயமும் இருந்தால் மூடிக் கட்டிக்கொண்டு இறங்குங்கள். வயல்வாய்க்காலில் முகம் கழுவுவது, வாய் கொப்பளிப்பது இரண்டையும் விட்டுவிடுங்கள்.

திடீர்க் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்காலில் தாங்க முடியாத உளைவு, கண் சிவத்தல், சலம் குறைதல், மஞ்சளாதல் இதன் அறிகுறிகள். வைத்தியரைக் கண்டதும் “வயலில் நின்றனான்” என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். விடுமுறைக்கு வந்து வயல்வாய்க்காலில் மீன் பிடித்து விளையாடிய பிள்ளைக்கும் இது வரலாம். அந்தப் பிள்ளையின் தாய்க்கு வயல் ஞாபகமே வராது, அதனால் சொல்லாமல் விட்டுவிடுவார்.

பாம்பு கடித்தால்?

வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். கயிறு கட்டுவது, வெட்டுவது, உறிஞ்சுவது, கல் வைப்பது எதுவும் வேண்டாம். கடிபட்டவரைப் படுக்க வைத்து, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, மோதிரம், காப்பு, கொலுசு எல்லாவற்றையும் வீக்கம் வருமுன் கழற்றிவிட்டு, வாகனத்தில் ஏற்றுங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை, அதில் இரண்டாவது ஆளும் கடிபடுவார். கைத்தொலைபேசியில் தூரத்திலிருந்து ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். வைத்தியசாலையில் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் வைத்து, உறைகிறதா என்று பார்த்தே விஷத்தின் போக்கை ஓரளவு அறிந்துகொள்வார்கள். கொடுக்கும் விஷமுறிவு மருந்தும் நாகம், கண்ணாடி விரியன், எட்டடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானதுதான்.

எட்டடி விரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மழைக்குப் புற்றும் பொந்தும் நிறைய, அது இரவில் வீட்டுக்குள் வரும். சொந்தங்கள் வந்து கட்டில் போதாமல் பிள்ளைகள் வரிசையாகத் தரையில் பாய் போட்டுப் படுப்பதும் இந்தக் காலத்தில்தான். அது கடித்தால் பெரிதாக நோவே இருக்காது, தடமும் தெரியாமல் போகலாம். விடிய எழும்பும்போது வயிற்று நோ, கண்ணிமை தூக்க முடியாமை, விழுங்கக் கஷ்டம், பேச்சுக் குழறல் என்றுதான் தெரியும். நேற்றுச் சாப்பிட்ட புரியாணிதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா கொடுத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். தரையில் படுத்த ஒருவருக்கு விடியற்காலை வயிற்று நோவும் இமை சரிவும் வந்தால் அது பாம்புக்கடியாக இருக்கலாம், உடனே ஓடுங்கள். தரையில் படுக்கத்தான் வேண்டும் என்றால், நுளம்பு வலையைக் கட்டி ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். நுளம்பையும் பாம்பையும் ஒரே வலை தடுக்கும்.

வான்கதவு திறந்தால் பார்க்கப் போகலாமா?

ஆசை எனக்கும் விளங்குகிறது. இரணைமடுக் குளம் நிறைந்து வான் பாய்வதைப் பார்க்க யாருக்குத்தான் மனம் வராது? குளத்தில் தண்ணீர் இருந்தால்தான் சிறுபோகம். ஆனால் 2018 டிசம்பர் 21, 22 ஆம் திகதிகளில் கொட்டிய மழையில் கதவுகள் திறக்கப்பட்டு, கனகராயன் ஆறு பெருகி, கண்டாவளைப் பக்கம் ஒரே இரவில் வெள்ளமானதையும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

பார்க்கலாம், கட்டின் மேல் தூரத்தில் நின்று. கதவுக்குக் கீழே மீன் பிடிக்கவோ, படம் எடுக்கவோ இறங்கக் கூடாது. முழங்காலளவு ஓடும் தண்ணீர் வளர்ந்த ஆளையே இழுத்துவிடும். வீதியைக் குறுக்கறுத்து வெள்ளம் ஓடினால் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று கணக்குப் போடாமல் திரும்புங்கள். தாமரை பறிக்க, குளிக்க என்று பிள்ளைகள் குளத்துக்குத் தனியே போவதை முற்றாக நிறுத்துங்கள். வெளியூரில் வளர்ந்த பிள்ளை நீச்சல் தடாகத்தில் நீந்தப் பழகியிருக்கும், சேறும் பாசியும் உள்ள குளம் அதற்குப் புதிது. முல்லைத்தீவுக் கடலும் இந்த மாதங்களில் கொந்தளிப்பாகவே இருக்கும், கரையில் நின்று காற்று வாங்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெள்ள எச்சரிக்கைக்கும் உதவிக்கும் 117, அனர்த்த முகாமைத்துவ நிலையம்.

மிதிவெடி எல்லாம் எடுத்து முடிந்துவிட்டதுதானே?

இன்னும் முடியவில்லை. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது, வேலையும் நடந்துகொண்டே இருக்கிறது. வெள்ளம் மண்ணை அரித்து, புதைந்ததை வெளியே கொண்டுவரும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கும் நகர்த்தும். நேற்று நடந்த பாதையில் இன்று ஒரு இரும்புத்துண்டு தெரியலாம். தொடாதீர்கள், கல் எறியாதீர்கள், வந்த காலடியிலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ 119 இல் பொலிசுக்கோ அறிவியுங்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இது தெரியாது. வந்து இறங்கிய அன்றே சிவப்பு மண்டையோட்டுப் பலகையைக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். பற்றைக்குள் பந்து போனால் பெரியவரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதோடு சேரட்டும்.

வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?

வெள்ளம் உள்ளே போன கிணற்றை இறைத்து, குளோரின் இட்ட பிறகுதான். எவ்வளவு இடுவது என்பதைக் கிணற்றின் அளவைப் பார்த்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார், கண்மதிப்பில் கொட்ட வேண்டாம். அதுவரை நன்றாகக் கொதித்து ஆறிய நீர்தான். மலசலகூடக் குழி நிறைந்து வழிந்த வளவென்றால் இன்னும் கவனம்.

வயிற்றோட்டம் வந்தால் ஜீவனிப் பக்கற் முழுவதையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, 24 மணித்தியாலத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும், மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். பாதிப் பக்கற் பாதித் தண்ணீர் என்று கண்ணால் அளப்பது சரிவராது. மழைக்கு முளைக்கும் காட்டுக் காளானைப் பொறுத்தவரை, நன்றாக இனம் தெரிந்தவர் பறித்ததைத் தவிர வேறு எதையும் சமைக்காதீர்கள்.

சீனி வருத்தம், பிரசர் உள்ளவர்கள் பலகாரம் சாப்பிடலாமா?

ஒரு துண்டு கேக், ஒரு பயத்தம் பணியாரம் சாப்பிட்டு ஆள் விழமாட்டார். வீடு வீடாகப் போய், போகும் இடமெல்லாம் சீனி போட்ட தேத்தண்ணீரோடு ஒவ்வொரு துண்டு என்றால்தான் ஆபத்து. “சீனி போடாமல் தாருங்கோ” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் தாங்களாகவே கேட்டால் இன்னும் நல்லது.

பெரிய பிரச்சினை மருந்து தீர்ந்துபோவது. உங்கள் கிளினிக் திகதி விடுமுறையில் விழுகிறதா என்று கொப்பியை இப்போதே பாருங்கள், விழுந்தால் முன்கூட்டியே போய் மருந்தை எடுத்துவிடுங்கள். வெள்ளத்துக்கு எழும்ப வேண்டி வந்தால் கொப்பியும் மருந்தும் அடையாள அட்டையும் ஒரே பொலித்தீன் பையில் கையோடு இருக்கட்டும். மின்சாரம் போய்க் குளிர்சாதனப் பெட்டி நின்றுவிட்டால், இன்சுலினைப் பொலித்தீனில் சுற்றி, ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். ஐஸ்கட்டியோடு ஒட்டி வைத்தால் உறைந்து பழுதாகிவிடும். சீனி வருத்தக்காரர் வெறுங்காலோடு வெள்ளச் சேற்றில் நடக்கவே கூடாது. முள் குத்தியதுகூடத் தெரியாது, இரவில் யாராவது உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள்.

வன்னியில் என்ன பெரிய குளிர்?

வெளிநாட்டுக்காரர் சிரிப்பார்கள். ஆனால் 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரத்தில் வீசிய குளிர்காற்றில் வடக்கு, கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் செத்தன. தகரக் கொட்டிலில் நனைந்த உடுப்போடு இருக்கும் வயதானவருக்கும் பிறந்த குழந்தைக்கும் அந்தக் குளிர் போதும். ஈர உடுப்பை மாற்றுவது, தலையையும் காலையும் மூடுவது, சூடாக எதையாவது குடிப்பது. குளிருக்காகக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது மட்டும் வேண்டாம், கரியிலிருந்து வரும் நச்சுவாயு புகை தெரியாமலே ஆளை மயக்கிவிடும். தொய்வு உள்ளவர்கள் திருவெம்பாவைக்கு விடிய நாலு மணிக்குப் போவதென்றால் வாயை மூடித் துணி கட்டி, இன்கேலரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தடிமனோடு இருப்பவர் கைக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதைத் தள்ளிப்போடலாம். தள்ளிப்போட வேண்டியது அதைத்தான்.

பிள்ளைப்பேறு திகதி இந்த மாதத்தில் வருகிறது. ஊருக்குள் வெள்ளம் வந்தால்?

வெள்ளம் வருமுன் இடம் மாறுங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் திகதியைச் சொல்லி, முன்கூட்டியே வைத்தியசாலையில் அனுமதிக்க முடியுமா, அல்லது அதற்குக் கிட்டிய சொந்தக்காரர் வீட்டில் நிற்பதா என்று முடிவெடுங்கள். இரவில் உழவு இயந்திரப் பெட்டியில் வெள்ளத்தைக் கடந்து போகும் நிலை வர வேண்டியதில்லை.

வீதியில் என்ன கவனம்?

ஏ9 வீதியில் இரவில் மாடுகள் படுத்திருக்கும், தாருக்கும் அவற்றுக்கும் நிறம் வித்தியாசம் தெரியாது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை வரும். குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் எடுப்பவரின் திறப்பைப் பறித்து வையுங்கள். கோபப்பட்டால் படட்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் போத்தலோடு வந்து எல்லோருக்கும் ஊற்றுவது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது, அது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் மூன்று வாரத்தில் போய்விடுவார், பழக்கம் இங்கே நிற்கும். குடியால் வீட்டில் அடி விழுந்தால் பெண்கள் 1938 இற்கு அழைக்கலாம்.

பட்டாசு சுட்டால்?

ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம். பற்பசை, மை எதுவும் பூசாமல் சுத்தமான துணியால் மூடி வைத்தியசாலைக்கு.

எல்லோரும் கொண்டாடும்போது எனக்கு மட்டும் மனம் தாங்கவில்லை. இதுவும் ஒரு நோயா?

இழந்தவர்கள் வாழும் மண்ணில் மனம் கனப்பது நோய் அல்ல. டிசம்பர் 26 முல்லைத்தீவுக் கரையில் 2004 இன் ஆழிப்பேரலையை நினைக்கும் நாள். 2009 இல் பிரிந்தவர்களை இன்னும் தேடும் வீடுகளில் நத்தாரும் பொங்கலும் சாப்பாட்டு நேரத்தில்தான் அதிகம் வலிக்கும். அந்த வீட்டுக்குப் போகும்போது “மறந்துவிடுங்கோ” என்று சொல்லாதீர்கள். பெயரைச் சொல்லிக் கதையுங்கள், அழுதால் பக்கத்தில் இருங்கள். ஆனால் வாரக்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, குடித்தால்தான் படுக்க முடிகிறது, சாகலாம் என்று தோன்றுகிறது என்றால் அதற்கு வைத்தியம் உண்டு. மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 இற்கு எந்த நேரமும் அழைத்துப் பேசலாம். ஒருவர் சாவைப் பற்றிக் கதைத்தால் அன்று அவரைத் தனியே விடாதீர்கள். கிருமிநாசினியையும் கிணற்றுக் கயிற்றையும் அவர் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களும் இந்திய யாத்திரை போய் வருபவர்களும் என்ன கவனிக்க வேண்டும்?

மலேரியா. ஒரு காலத்தில் வன்னியில் வீட்டுக்கு வீடு இருந்த நோய். உள்ளூரில் பரவிய கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில் கண்டறியப்பட்டார், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது. ஆனால் அதைப் பரப்பும் நுளம்புகள் போய்விடவில்லை. கிணறுகளிலும் பெருகக்கூடிய புதிய இனம் ஒன்று மன்னாரில் கண்டறியப்பட்டது. ஆகவே சபரிமலைக்கோ, இந்தியாவில் வேறு இடத்துக்கோ, ஆபிரிக்க நாடுகளுக்கோ போய் வந்தவருக்குக் காய்ச்சல் வந்தால் பயணத்தைச் சொல்லி மலேரியா இரத்தப் பரிசோதனை கேளுங்கள். போகுமுன் தடுப்பு மருந்தும் இலவசமாகக் கிடைக்கும், மலேரியாத் தடை இயக்கத்தின் மாவட்டப் பணிமனையில் கேளுங்கள்.

இங்கே நின்று திரும்பிப் போனவர்களுக்கும் இதேதான். ரொறன்ரோவிலோ பரிசிலோ இறங்கி இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், குளிருக்கு வந்த தடிமன் என்று படுத்திருக்க வேண்டாம். அங்குள்ள வைத்தியருக்கு டெங்கும் எலிக்காய்ச்சலும் உடனே நினைவுக்கு வராது. இலங்கையின் வடக்கில் மழைக்காலத்தில் நின்றேன், வயல் தண்ணீரில் இறங்கினேன் என்று நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும்.